ஷெர்சர் பாம்பனுக்கு வந்தாரா?

அன்புள்ள ஐயா,

பாம்பன் தூக்குப் பாலம் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது. ஷெர்சர் என்ற வெள்ளைக்காரத் துரை பாம்பனிலேயே குடியிருந்து அதைக் கட்டினார் என்கிறார் ஒரு பெரியவர். அவர் சல்லிக்காசு பார்க்கவில்லை, தம்பிதான் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டான் என்கிறார் இன்னொருவர். எது சரி? புதுப் பாலமும் அவர் கண்டுபிடித்த முறைதானா?

ர., உச்சிப்புளி

அன்புள்ள ர.,

பெரியவர் சொன்னதற்கு வழியே இல்லை. வில்லியம் ஷெர்சர் 1893-லேயே இறந்துவிட்டார், வயது 35. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அவர் துரையும் இல்லை, சிகாகோவில் தொழில் செய்த அமெரிக்கப் பொறியாளர். பாம்பனை விடுங்கள், தன் முறையில் கட்டிய ஒரு பாலத்தைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. காப்புரிமை கிடைத்ததே அவர் போன பிறகு, அதே வருஷம் டிசம்பரில்தான்.

சிகாகோ ஆறு ஒடுக்கமானது, கப்பல்களோ ஏராளம். அங்கிருந்த பாலங்கள் ஆற்றின் நடுத்தூணில் நின்று பக்கவாட்டில் திரும்பும் வகை. அந்தத் தூணே பாதி வழியை அடைத்துக்கொண்டது. சரி, மேலே தூக்கலாம் என்றால் மொத்த எடையும் ஓர் அச்சின்மேல் உட்காரும், அச்சு தேயும். ஷெர்சர் அச்சையே எடுத்துவிட்டார். பாலத்தின் கரைப்பக்க முனையை, பிள்ளைகள் ஆடும் மரக்குதிரையின் அடிக்கட்டை மாதிரி வளைத்து, தட்டையான தடத்தின்மேல் உருளவிட்டார். பின்பக்கம் எதிர் எடை. உருண்டு நிமிரும்போதே பாலம் கரைப்பக்கமாகப் பின்வாங்கவும் செய்யும், அதனால் கப்பலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்.

இதன் அருமை பாம்பனில்தான் தெரியும். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்த நாமெல்லாம் இரண்டு இரும்புக் கைகள் மேலே போவதைத்தான் பார்த்தோம். கீழே, கிரீஸ் அப்பிய பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில், ரயில்வே ஆட்கள் லீவரைப் பிடித்து வேர்த்து விறுவிறுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மோட்டார் கிடையாது. எதிர் எடை சமன் செய்துவிடுவதாலும் உருள்வதற்கு உராய்வு குறைவு என்பதாலும், அத்தனை டன் இரும்பை மனிதக் கை அசைக்க முடிந்தது.

அப்புறம் தம்பி விஷயம். ஆல்பர்ட் ஷெர்சர் அமுக்கிக்கொண்டார் என்பதை நான் ஒப்பமாட்டேன். 1895-ல் சிகாகோவில் வான் பியூரன் தெருவிலும் அதை ஒட்டிய ரயில் தடத்திலும் முதல் பாலங்கள் எழுந்தன. அதன் பிறகு அந்த முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது ஆல்பர்ட் நடத்திய கம்பெனிதான். அவர்கள் விற்றது வடிவமைப்பை. இரும்பு வேலையை வேறு பட்டறைகள் செய்தன. நம் பாலத்தின் தூக்குப் பகுதியைச் செய்தது இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி. செத்துப்போன அண்ணன் பெட்டியில் கிடக்கும் வரைபடத்தை வைத்து இப்படித் தொழில் நடத்துவது லேசான காரியமா? அதுவும் எதிர்ப்புக்கு நடுவில். உருளும்போது எடை தூணின்மேல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், இளகிய மண்ணில் தூண் அமிழும் என்று குறை சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. சிகாகோ நகரமே 1902-ல் அச்சின்மேல் நிமிரும் தன் சொந்த வகைக்கு மாறிக்கொண்டது. பின்னால் கோல்டன் கேட் பாலத்தால் பெயர் பெற்ற ஜோசப் ஸ்ட்ராஸும் ஒரு போட்டி வகையைக் கொண்டுவந்தார். ஆல்பர்ட்டுக்கு லாபம் வந்திருக்கும், வரட்டுமே. இன்று உங்கள் டீக்கடையில் ஷெர்சர் என்ற பெயர் அடிபடுவது அந்தக் கம்பெனியால்தான்.

பிறந்த ஊர் கைவிட்ட முறை நம் உப்புக்காற்றில் நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவை அடித்துக்கொண்டு போனபோதும் தூக்குப் பகுதி நின்றது. மற்றதை 46 நாளில் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் சரிசெய்தார்கள். 2022 டிசம்பரில்தான் அதன்மேல் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள்.

புதுப் பாலத்துக்கும் ஷெர்சருக்கும் சம்பந்தம் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி, இரண்டு பக்கக் கோபுரங்களுக்கு நடுவே கிடைமட்டமாகவே மேலே ஏறுகிறது. லீவர் சுற்ற ஆள் வேண்டாம், மோட்டார் பார்த்துக்கொள்கிறது.