வாசகர் கேள்வி பதில்: அரசுப் பேருந்தில் கிப்பர் வரை

கேள்வி: இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் கிப்பர் கிராமத்துக்கு ஜூலை இறுதியில் அரசுப் பேருந்திலேயே போய்வர எண்ணியிருக்கிறோம். அறுபத்து மூன்று வயதான என் அம்மாவும் வருகிறார். அவருக்கு இடுப்புவலி உண்டு. மணாலி வழிதான் குறுக்குவழி என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அப்படியே போகலாமா? (வாசகி, மயூர் விஹார், தில்லி)

பதில்: தூரம் குறைவுதான், ஆனாலும் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த வழியில் போக வேண்டாம். 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையால் ரோத்தங் கணவாயைத் தவிர்க்க முடிகிறதே ஒழிய, அதற்குப் பிறகு ஸ்பிட்டியின் முதல் ஊரான லோசர் வரையிலான சாலையில் பெரும்பகுதி கற்களும், பனி உருகிக் குறுக்கே பாயும் ஓடைகளுமாகத்தான் இருக்கிறது. குலுக்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உயரத்தை அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் காலையில் புறப்படுபவர், 4,500 மீட்டரைத் தாண்டிய குன்ஸும் கணவாயைக் கடந்து, அன்றிரவே 3,600 மீட்டருக்கு மேலிருக்கும் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸாவில் படுக்க வேண்டியிருப்பதால், தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் அவருக்கு முன்பே அங்கு வந்து காத்திருக்கும்.

சிம்லா, ராம்பூர், ரிகாங் பியோ வழி நீளமானது. ஆனால் படிப்படியாக ஏறுவது. காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து சிம்லாவுக்கு இரவுப் பேருந்துகள் நிறைய உண்டு. சிம்லாவில் ஓர் இரவும், கின்னோர் மாவட்டத் தலைநகரான ரிகாங் பியோவில் ஓர் இரவும் தங்குங்கள். இரண்டுமே 2,200 மீட்டர் அளவில் இருப்பவை. அங்கிருந்து காஸா செல்லும் பேருந்து காலையிலேயே புறப்பட்டுவிடும் என்பதால், முதல் நாள் மாலையே நிலையத்துக் கவுண்டரில் நேரத்தையும் இருக்கையையும் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது. காஸா வரை ஒரே மூச்சில் போகாமல் வழியிலுள்ள தாபோவில் இறங்கிவிடுங்கள். ஏரியைப் பார்க்கும் ஆசையில் பலர் நாக்கோவில் தங்குகிறார்கள். தாபோ அதைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வானது, முதல் உயர்மலை இரவுக்கு ஏற்றது. கி.பி. 996-இல் நிறுவப்பட்ட பௌத்த மடாலயம் அங்கே இருப்பதால், அம்மாவுக்கு ஓய்வு நாளும் வீணாகாது.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட மாதத்துக்கு வருகிறேன். ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி, ஆகவே ஜூலையில் கவலையில்லை என்று சொல்பவர்கள், அங்கு போகும் சாலை மழை கொட்டும் கீழ்க் கின்னோரைக் கடந்துதான் செல்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரி அருகே நடந்த மலைச்சரிவில் அரசுப் பேருந்து ஒன்றும் புதைந்து, பலர் உயிரிழந்தார்கள். பயணத்தைச் செப்டம்பர் பிற்பாதிக்குத் தள்ளிவையுங்கள்.

இடுப்புவலிக்காரருக்கு இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட இருக்கைதான் வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசைகள், ஏற்ற இறக்கப் பலகையின் நுனியைப் போல, சக்கரம் ஒரு சாண் எழுந்தால் அதைவிட அதிகமாக எழும். கடைசி வரிசைதான் மிச்சம் என்று நடத்துநர் சொன்னால், அன்றைய பயணத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வந்துவிடும். பேருந்துப் பயணமே கூடாதா? (வாசகர், ஆர்.கே. புரம்)

பதில்: உடல் திரும்புவதை உட்காது உணர்கிறது, கைப்பேசியில் பதிந்த கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டுகிறது. ஆகவே முன்பக்க இருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள சாலையைப் பாருங்கள். அதற்கான மாத்திரையைக் குமட்டிய பிறகு விழுங்கிப் பயனில்லை, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோர தாபாவின் வெண்ணெய் வழியும் பரோட்டாவைத் திரும்பும்போது சாப்பிடலாம். நம் வீட்டுப் புளியோதரையும் அன்றைக்கு வேண்டாம், எண்ணெயும் காரமும் அதிலும் குறைவில்லை.

கேள்வி: காஸாவிலிருந்து கிப்பருக்குப் பேருந்து உண்டா? (வாசகர், முனிர்க்கா)

பதில்: உண்டு. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரம். பேருந்து மாலையில் ஏறி, மறுநாள் காலையில் இறங்குவது வழக்கம். கிராமத்தாரின் வசதிக்கேற்ற நேரம் அது. ஆகவே பேருந்தில் போகிறவர் 4,200 மீட்டருக்கு மேல் ஓர் இரவு தங்கியாக வேண்டும். காஸாவில் இரண்டு இரவுகளாவது கழித்து, தலைவலி இல்லை என்று உறுதியான பின் ஏறுங்கள். இந்தியர்களுக்கு இவ்வழியில் தனி அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆதார் அட்டையையும் போதிய ரொக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டால் போதும்.