மேடை நடிகையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பாடும் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் மெல்லிசை வகை) பாடகியாகவும் ஒருவரே வாழ்நாள் முழுக்க இருக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் ஸ்டெஃபனி மில்ஸ் இருந்து காட்டியிருக்கிறார், இன்னமும் இருந்துகொண்டிருக்கிறார்.

கேள்வி கேட்டவர் கீழே சேர்த்து எழுதியிருப்பது: "நாடக மேடையில் இருப்பவர்களுக்கு ரெக்கார்டு விற்பதில்லை, ரெக்கார்டு விற்பவர்களுக்கு நாடகத்துக்கு நேரம் இருப்பதில்லை, ஆகவே ஒன்றை விட்டால்தானே இன்னொன்று?" பலருக்கு அப்படித்தான் ஆகிறது, மறுக்கவில்லை. ஆனால் மில்ஸ் விஷயத்தில் மேடையில் கற்றதுதான் பாடகியாக அவரை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தது என்பது என் கருத்து. நான் மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன், சீசன் நேரத்தில் அடுத்தடுத்த ராத்திரிகளில் கச்சேரி இருக்கும், அதனால் தொண்டையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் எந்தப் பாடகரையும் முதலில் பார்ப்பேன். அந்தக் கோணத்திலேயே எழுதுகிறேன்.

மில்ஸ் 1957இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சர்ச்சில் பாடி வளர்ந்த பெண். 1968இல் 'மேகி ஃபிளின்' என்ற பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் இடம்) இசை நாடகத்தில் குழந்தைகளில் ஒருத்தியாக வந்தார். அந்த வயசில்தான் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமின் அப்போலோ தியேட்டரில், புதியவர்கள் பாடும் போட்டி இரவில், தொடர்ந்து ஆறு முறை ஜெயித்ததும். அந்தக் கூட்டம் பிடிக்காவிட்டால் சத்தம் போட்டே இறக்கிவிடும், குழந்தை என்றெல்லாம் பார்க்காது. அங்கே ஜெயித்தவர் அப்புறம் ஐஸ்லி பிரதர்ஸ் என்ற பாட்டுக் குழுவின் கச்சேரிகளில் முதலில் பாடும் ஆளாகப் போனார். அதாவது நாடகமும் கச்சேரியும் அவருக்குச் சின்ன வயசிலேயே சேர்ந்துதான் வந்தன.

பெரிய திருப்பம் 'தி விஸ்'. டோரத்தி என்ற பெண் புயலில் மாய நாட்டுக்குப் போய் வீடு திரும்ப வழி தேடும் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' கதையை முழுக்கக் கறுப்பின நடிகர்களோடு, சோல், காஸ்பல் (சர்ச் பாட்டு) இசையில் போட்ட நாடகம். பாட்டுகள் பெரும்பாலும் சார்லி ஸ்மால்ஸ் எழுதியவை, டைரக்‌ஷன் ஜெஃப்ரி ஹோல்டர். பிராட்வேயில் திறந்தது 1975 ஜனவரி 5, மெஜஸ்டிக் தியேட்டர். டோரத்தியாக வந்த மில்ஸுக்கு அப்போது 17 வயது, உயரம் ஐந்தடிக்கும் குறைவு. விமரிசனங்கள் ஒன்றுபோல இல்லை, டிக்கெட் போகவில்லை, முதல் நாள் ராத்திரியே நாடகத்தை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பணம் போட்டிருந்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் இன்னும் கொஞ்சம் கொடுத்தது, டிவியில் விளம்பரம் வந்தது, கறுப்பின மக்கள் சர்ச் குழுக்களாகச் சேர்ந்து டிக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் பிராட்வேயின் பெரிய விருதான டோனி விருதுகள் ஏழு நாடகத்துக்குக் கிடைத்தன, அந்த ஏழில் டோரத்திக்கு ஒன்றும் இல்லை. நாடகம் 1979 ஜனவரி வரை, மொத்தம் 1,672 காட்சிகள் ஓடியது.

இங்கேதான் தொண்டை விஷயம் வருகிறது. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி, சில நாள் மதியம் ஒன்று ராத்திரி ஒன்று. டோரத்தி ஏறக்குறைய முழு நேரமும் மேடையில் இருக்க வேண்டிய வேஷம், ஆட்டமும் உண்டு. அத்தனையும் முடிந்து கடைசியில், எல்லாரும் களைத்துப்போயிருக்கும் நேரத்தில், 'ஹோம்' என்ற பாட்டு வருகிறது, நாடகத்திலேயே கஷ்டமான பாட்டு அதுதான். முதல் காட்சியிலேயே குரலை வாரி இறைத்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது, அடக்கியே வாசித்தால் கதை எடுபடாது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் 17 வயதில் பழகியிருக்கிறார்! டூரில் பாடுகிறவர்களின் பிரச்சினையும் இதேதான். ஜனங்கள் எந்தப் பாட்டுக்காக வந்தார்களோ அதைக் கடைசியில்தான் வைப்போம், அதற்குள் குரல் கட்டிவிட்டால் அன்றைய கச்சேரி போச்சு.

அந்த நாடகக் குழுவின் ஒலிப்பதிவைக் கேட்டால் நான் சொல்வது புரியும். 'ஹோம்' ஆரம்பத்தில் அவர் கிட்டத்தட்டப் பேசுகிறார். சங்கதி எதுவும் போடுவதில்லை, சொல்லைச் சொல்லாக விடுகிறார், வாத்தியங்களும் ஒதுங்கியே நிற்கின்றன. தன்னோடு பேசிக்கொள்ளும் ஒரு பெண்ணின் குரல். பாதிக்கு மேல்தான் மெல்ல ஏற ஆரம்பிக்கிறது, கடைசிக் குரலை நீட்டிப் பிடிக்கும்போது கொஞ்சமும் நடுக்கம் இல்லை. பாட்டுக்குள் ஒரு கதை நடக்கிறது, அதைக் கட்டம் கட்டமாக நடத்துகிறார். இது நடிகையின் வேலை, சும்மா நல்ல குரல் இருந்தால் மட்டும் வந்துவிடாது.

அப்படியும் ரெக்கார்டு உலகம் அவருக்கு உடனே திறக்கவில்லை. 1975இல் மோடவுன் ரெக்கார்டு கம்பெனிக்காகப் பாட்டு எழுதுவதில் பேர்போன பர்ட் பேக்ராக்கும் ஹால் டேவிடும் சேர்ந்து ஒரு முழு ஆல்பமே எழுதிக் கொடுத்தார்கள், விற்கவில்லை, மோடவுன் அவரை விட்டுவிட்டது. அப்புறம் அதே மோடவுன், யுனிவர்சல் படக் கம்பெனியோடு சேர்ந்து 'தி விஸ்' நாடகத்தை 1978இல் படமாக எடுத்தது. டோரத்தி வேஷம் மோடவுனின் நட்சத்திரப் பாடகி டயானா ராஸுக்குப் போனது. அதற்காக டோரத்தியை 24 வயது ஹார்லெம் டீச்சராக மாற்றினார்கள். டயானா ராஸ் மகத்தான பாடகி, அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வேஷத்தை ராத்திரிக்கு ராத்திரி சுமந்து, மூடப்போன நாடகத்தை நிறுத்திக் காட்டிய பெண்ணுக்கு அது கிடைக்காமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. படமும் வசூலில் தோற்றது.

மில்ஸ் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. நாடகத்தில் பணம் போட்ட அதே ஃபாக்ஸின் ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்தார். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்த எம்டூமே, ரெஜி லூகஸ் இருவரும் தயாரித்துக் கொடுக்க, 1979இலிருந்து ஹிட் வர ஆரம்பித்தது. 1980இல் வந்த 'நெவர் நியூ லவ் லைக் திஸ் பிஃபோர்' அமெரிக்காவின் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பொதுப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போய், கிராமி விருதும் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பாட்டில் கவனியுங்கள், அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு கத்தவே மாட்டார், லேசாக மிதக்க விட்டிருப்பார். சோல் பாடகர் டெடி பெண்டர்கிராஸுடன் டூர் போனார், டூயட்டும் பாடினார். எண்பதுகளின் பின்பாதியில் ஆர் அண்ட் பி (கறுப்பின இசைக்கான) பட்டியலில் மட்டும் ஐந்து பாட்டுகள் முதலிடம்.

இதற்கு நடுவில் 1984இல் மறுபடி டோரத்தியாக பிராட்வேக்குப் போனார். அந்த முறை 13 காட்சிகளோடு முடிந்துவிட்டது. ஹிட் பாடகி ஆனபிறகு இந்த ஆபத்தில் யாரும் போய்த் தலைகொடுக்க மாட்டார்கள், அவர் கொடுத்தார். 1989இல் 'ஹோம்' பாட்டை டேக் 6 என்ற பாட்டுக் குழுவோடு மறுபடி பதிவு செய்தார். சார்லி ஸ்மால்ஸும் நாடகத்தின் தயாரிப்பாளர் கென் ஹார்ப்பரும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள், அவர்கள் நினைவாகச் செய்தது அது. நான் சொன்ன அந்த ஐந்து முதலிடங்களில் கடைசியாக வந்தது இந்த நாடகப் பாட்டுதான். 'நாடகக்காரர்களுக்கு ரெக்கார்டு விற்பதில்லை' என்பதற்கு இதைவிட என்ன பதில் சொல்ல?

2015 டிசம்பரில் என்பிசி சேனல் 'தி விஸ்' நாடகத்தை நேரலையாகப் போட்டபோது அவர் டோரத்தியின் அத்தை வேஷத்தில் வந்தார். ஷனீஸ் வில்லியம்ஸ் என்ற புதுப்பெண் டோரத்தி. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பிராட்வேயில் 'ஹேட்ஸ்டவுன்' நாடகத்தில் ஹெர்மீஸ் வேஷம் கட்டினார். அந்த வேஷத்தை அங்கே முதலில் செய்து டோனி விருது வாங்கியவர் ஆண்ட்ரே டி ஷீல்ட்ஸ், அவர்தான் 1975இல் மில்ஸ் டோரத்தியாக இருந்தபோது மந்திரவாதி விஸ் வேஷம் போட்டவரும்கூட. 2025இல் கிளாடிஸ் நைட், பட்டி லபெல், ஷக்கா கான் ஆகிய பாடகிகளோடு 'தி குவீன்ஸ்' என்று பெரிய அரங்குகளில் டூரும் போனார். நாடகமும் டூரும், இந்த வயசில்!

ஆகவே கேள்வி கேட்டவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இந்த இரண்டில் எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தால், முடிவெடுப்பதற்கு முன்னால் 1975 'ஹோம்', 1989 'ஹோம்' இரண்டையும் ஹெட்ஃபோன் போட்டு அடுத்தடுத்து கேளுங்கள். முதலாவதில் எங்கே மூச்சு வாங்குகிறார், இரண்டாவதில் அதே வரிகளில் எங்கே சர்ச் சங்கதிகளைச் சேர்க்கிறார், எதைத் தொடாமல் அப்படியே விடுகிறார் என்று பாருங்கள். கேட்டுவிட்டுக் கமெண்டில் வாருங்கள், மேலே பேசலாம்.