அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க நல்ல வெளிநாட்டுத் தொடர்கள் எவை?

நாடகமும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும், வீட்டில் பெரியவர்களோடு பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், நீங்களே பார்த்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன்காரி. எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், அண்ணன் வீட்டில் இருப்பான், கச்சான் காற்று பலத்துவிட்டால் அம்மாவும் கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கப் போக மாட்டாள். அந்த ராத்திரிகளில்தான் சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அப்படிப் பார்த்து மனதில் நின்றதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்'. 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த கொரியத் தொடர், 16 எபிசோட். ஜேஜு தீவில் பிறந்து, கவிதை எழுத ஆசைப்படுகிற ஏ-சுன் என்ற பெண்ணின் முழு வாழ்க்கை. அவளுடைய அம்மா ஒரு ஹேன்யோ, அதாவது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் மூச்சைப் பிடித்து மூழ்கிச் சிப்பி எடுக்கிற பெண். அந்தப் பெண்களின் தொழிலை 2016-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகச் சேர்த்தது. என் அம்மாவும் வருஷக்கணக்காக இதே வேலை செய்தவள்தான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, தீவுப் பக்கம் பாறையடியில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து வருவாள். இன்றைக்கும் அவள் விரல் நுனி சொரசொரப்பாகத்தான் இருக்கும், தலை வாரிவிடும்போது முடி அதில் சிக்கும்.

ஹேன்யோக்கள் தண்ணீருக்கு மேலே வந்ததும் மூச்சை விடுவார்கள், அது விசில் மாதிரி கேட்கும். முதல் எபிசோடில் அந்தச் சத்தம் வந்ததும் அம்மா சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடிவயித்துல இருந்து வர்ற மூச்சு புள்ள அது, நடிச்சாலும் சரியாத்தான் விடுறா" என்றாள். அப்புறம் சின்னப் பிள்ளையாக இருக்கிற ஏ-சுன் ஒரு கவிதை எழுதுகிறாள், அம்மா எந்நேரமும் சிப்பி பின்னாலேயே போகிறாள், அந்தச் சிப்பிக்குக் கிடைக்கிற காசை நானே கொடுத்து அம்மாவின் ஒரு நாளை வாங்கிக்கொள்ள மாட்டேனா என்கிற அர்த்தத்தில். நான் கொரியன் ஒலியிலேயே வைத்து, கீழே ஓடும் எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த இடத்தில் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன். அம்மா என்னவென்று கேட்கவில்லை, புரிந்துவிட்டது போல. கொரிய மொழியில் இதன் தலைப்பு ஜேஜு வட்டாரப் பேச்சில் இருக்கிறது, 'ரொம்பப் பாடுபட்டுட்டீங்க' என்று ஒருவரைப் பார்த்து நன்றியோடு சொல்வது போல. ஆரஞ்சுப் பழத் தலைப்பை விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இதே ஜேஜுவில் நடக்கிற 'அவர் ப்ளூஸ்' (2022, 20 எபிசோட்) கொஞ்சம் கனமானது. ஒரே கதை கிடையாது, சந்தையில் மீன் விற்கிறவர், லாரியில் சாமான் விற்கிறவர், ஹேன்யோ என்று ஆளுக்கொரு கதை. அதில் டவுன் சிண்ட்ரோம் உள்ள அக்காவாக வருகிற ஜங் உன்-ஹே நிஜத்திலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓவியர்தான். அவர் வருகிற பகுதியையாவது தவறவிடாதீர்கள்.

அழுதது போதும் என்றால் 'ஹோம்டவுன் சா-சா-சா'. 2021-இல் வந்தது, இதுவும் 16 எபிசோட்தான். பட்டணத்துப் பல் டாக்டர் ஒரு கடலோரக் கிராமத்துக்கு வந்து மாட்டிக்கொள்கிறாள், கையில் காசில்லாமல் காபிக் கடனை அடைக்கக் கணவாய் அறுக்க உட்கார்கிறாள். அவள் கத்தி பிடித்த அழகைப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. ஊர்ப் பாட்டிமார் மூன்று பேர் வருவார்கள், அவர்களை நம் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

இங்கிலீஷ் நகைச்சுவை வேண்டுமென்றால் ஆயிரம் தொடர் சொல்வார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன், 'டெர்ரி கேர்ள்ஸ்'. வட அயர்லாந்தின் டெர்ரி நகரம், குண்டும் கலவரமுமாக இருந்த 1990-கள், கன்னியாஸ்திரி நடத்துகிற கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி, நான்கு பெண்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்ட ஒரு இங்கிலீஷ்காரப் பையன். லிசா மெக்கீ தான் வளர்ந்த ஊரை வைத்தே எழுதியது, 2018 முதல் 2022 வரை மூன்று சீசன். மாதா கோவில், திவ்ய நற்கருணை, சிஸ்டர் முன்னால் கைகட்டி நிற்பது எல்லாம் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் எபிசோடிலேயே பாலத்தில் குண்டு வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வரும், ஆனால் வீட்டில் கவலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்களோ என்பதுதான். பாலத்தை நம்பி வாழ்கிற எங்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபட்டது.

இந்தத் தொடரில் நான் மறக்க முடியாத இடம் முதல் சீசனின் முடிவு. மேடையில் பிள்ளைகள் ஒன்றாகக் குதித்து ஆடிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் டிவியில் குண்டுவெடிப்புச் செய்தியைப் பார்த்து அப்படியே நிற்கிறார்கள். மருமகனை எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கிற தாத்தா, ஒரு வார்த்தை பேசாமல் அவன் தோளில் கை வைக்கிறார். மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்து வளர்ந்த என் தோழியோடு இதைப் பார்த்தேன். அவள் வீட்டுப் பெரியவர்களும் ரேடியோ செய்தி கேட்கும்போது இப்படித்தான் பேசாமல் நிற்பார்களாம், பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருக்குமாம். ஒன்று மட்டும் கவனம், இதில் பெண்கள் கெட்ட வார்த்தை சரளமாகப் பேசுவார்கள், ரொம்பச் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

அந்தத் தோழி சொல்லித்தான் 'பச்சிங்கோ' பார்த்தேன், ஆப்பிள் டிவியில் 2022-இலும் 2024-இலும் இரண்டு சீசன். ஜப்பான் ஆட்சியில் இருந்த கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போகிற சுன்ஜாவின் கதை. மகள் கல்யாணம் ஆகிக் கப்பல் ஏறப் போகிறாள், அதற்குமுன் நம் மண்ணில் விளைந்த அரிசிச் சோறு ஒருவேளை போட வேண்டும் என்று தாய் கடைக்காரரிடம் போய்க் கேட்கிறாள், கொரியர்களுக்கு அது எளிதில் கிடைக்காத காலம். கொஞ்சூண்டு அரிசி. அதைக் களைந்து உலையில் போட்டு மூடுகிற வரைக்கும் கேமரா அவசரப்படவே இல்லை. கொரியன் பேசும்போது ஒரு நிறத்திலும் ஜப்பான் மொழி பேசும்போது வேறு நிறத்திலும் எழுத்து வரும், யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதே கதையில் பாதி என்பதால் டப்பிங்கில் பார்க்க வேண்டாம்.

நேரமில்லாதவர்களுக்கு 'மிட்நைட் டைனர்: டோக்கியோ ஸ்டோரீஸ்', ஒவ்வொன்றும் அரை மணிக்குள் முடியும். ராத்திரி 12 மணிக்குத் திறந்து காலை 7-க்கு மூடுகிற சின்னக் கடை, சாமான் இருந்தால் கேட்டதைச் செய்து தருகிற ஒரு மனிதர், அவ்வளவுதான். 'செர்னோபில்' (2019) ஐந்தே எபிசோட், அருமையான தொடர், ஆனால் கதிர்வீச்சில் வெந்த உடம்புகளைக் காட்டுவார்கள், அதை அம்மாவோடு பார்க்கவில்லை, தனியாகத்தான் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் இதுவரை வெளிநாட்டுத் தொடரே பார்த்ததில்லை என்றால் 'ஹோம்டவுன்' வைத்து ஆரம்பியுங்கள், டாஞ்சரின்ஸ் அடுத்து. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் போடாதீர்கள். முதல் சில நாள் நீங்கள்தான் எழுத்தை வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், தொண்டை காய்ந்துவிடும்.