புரொய்லர் பேட்டுடன் ஊர்ச் சேவலைச் சேர்க்கலாமா?

கேள்வி: விற்றது போக மிஞ்சிய ஐந்து புரொய்லர் பேடுகள் எங்கள் வளவில் நிற்கின்றன. ஊர்ச் சேவலோடு விட்டு முட்டைகளை அடை வைத்தால், ஊர்க்கோழியின் சுவையும் புரொய்லரின் எடையும் கொண்ட இனத்தை நாமே உருவாக்கலாமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: குஞ்சு கிடைக்கலாம். இனம் கிடைக்காது.

உங்களிடம் நிற்பது ஏற்கெனவே கலந்து முடிந்த கோழி. அதன் தந்தை வழியில் அகன்ற நெஞ்சுக்காகக் கோர்னிஷ் இனத்தின் இரத்தமும், தாய் வழியில் முட்டை எண்ணிக்கைக்காக வெள்ளை பிளைமவுத் ரொக் இனத்தின் இரத்தமும் ஓடுகின்றன. கோர்னிஷ் இங்கிலாந்தில் உருவானாலும், நம் பக்கத்து அசில் சண்டைக் கோழி அதன் மூதாதைகளில் ஒன்று. சேவற்சண்டைக்காரர் வளர்த்த நெஞ்சுதான் இன்று கடைகளில் கிலோக் கணக்கில் விற்பனையாகிறது! இரு வழிகளையும் கம்பனிகள் தனித்தனியே காத்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் கலக்கின்றன. கலந்த கோழியிலிருந்து மறுபடி குஞ்சு எடுத்தால் குணங்கள் சிதறும்; ஒன்று பெருக்கும், ஒன்று சூம்பும்.

கலப்புதான் எடையைத் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். கலப்பு தருவது பெரும்பாலும் குஞ்சின் உயிர்ப்பும் தாயின் முட்டை வளமும்தான். எடை, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதில் வந்தது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978 ஆகிய ஆண்டுகளிலிருந்து மேலும் பொறுக்காமல் காத்துவந்த கோழி வழிகளையும் 2005ஆம் ஆண்டின் வழியையும் ஒரே தீனில் வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905, 1,808, 4,202 கிராம்.

உங்கள் பேடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வழிக் கோழிகளை முட்டைக்காக வைத்திருப்பவர்கள் குஞ்சுப் பருவம் முதலே தீனை அளந்துதான் போடுவார்கள். வயிறாரத் தின்று கொழுத்தவை குறைவாகவே இடும், காலும் தாங்காது. கறிக்கு எடுத்துவிடுங்கள். சுவையைப் பொறுத்தவரை, அது இனத்தைவிட வயதையும் நடமாட்டத்தையும் சார்ந்தது. ஆறு வாரத்தில் அறுக்கும் எந்தக் கோழியும் ஊர்க்கோழிபோல் இராது.

செய்யத்தக்கது இது. முட்டைக்கும் கறிக்கும் ஏற்ற ரோட் ஐலண்ட் ரெட் இனப் பேடுகளை வைத்து, அசில் இரத்தமுள்ள கனத்த சேவலை விடுங்கள். எட்டு முதல் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். பழைய சேவலை அகற்றிய பின் மூன்று வாரம் பொறுங்கள், ஏனெனில் அதன் விந்து பேட்டின் உடலில் அவ்வளவு காலம் தங்கக்கூடும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகக் கூடாது. வெயில் காலத்தில் அதற்கும் முன்பே வையுங்கள். பிறக்கும் கலப்புக் குஞ்சுகள் அனைத்தும் கறிக்கே. அடுத்த தலைமுறைப் பெற்றோரைக் கலப்பில்லாத இரு பக்கங்களிலிருந்தும் தனியே எடுங்கள். 12ஆம் வாரத்தில் ஒரே நாளில் நிறுத்து, கனத்தவற்றில் காலும் நேராக உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடு இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

கழுத்தில் இறகில்லாத கோழியைப் பார்த்து நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்கு அது நல்ல சரக்கு. இறகு குறைவாக இருப்பதால் உடற்சூடு எளிதில் வெளியேறும். அந்தக் குணம் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கழுத்தில் இறகுள்ள பேடுகளோடு அப்படியொரு சேவலை விட்டுப் பார்த்தால், பொரித்த அன்றே வெறுங்கழுத்துக் குஞ்சுகளை எண்ணலாம். எல்லாமே வெறுங்கழுத்து என்றால் சேவல் அந்தக் குணத்தில் தூயது. ஏறத்தாழப் பாதி மட்டும் என்றால் கலப்பு.