ஜூனிபர்: பச்சையை நம்ப வேண்டாம்

கேள்வி: நர்சரியில் வாங்கிய ஜூனிபரை (ஊசியிலை வகை அலங்காரச் செடி) பெரிய தொட்டிக்கு மாற்றினேன். தினமும் தண்ணீர் விட்டும் இரண்டே மாதத்தில் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?
- வாசகி, வேலூர்

பதில்: அடித்தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் நம்பிக்கை உண்டு. தவிட்டு நிறத்தில் உலர்ந்திருந்தால் செடி போய்விட்டது. ஜூனிபரில் இதுதான் சிக்கல்: வேர் செத்த பிறகும் இலை சில வாரம் பச்சையாகவே நிற்கும். நிறம் மாறும்போது மருந்துக்கு வேலை இருக்காது.

தினமும் விட்ட தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். ஈரம் வடியாத மண்ணில் வேரழுகல் பூஞ்சை புகுந்துவிடும். மறுபடி வைப்பதானால் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழுஉரம் அரைப் பங்கு போதும். தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், தவிர்த்துவிடுங்கள். நர்சரிப் பையில் வேரைச் சுற்றிக் களிமண் இறுகியிருந்தால், அதன் ஓரத்தை மட்டும் ஒரு அங்குல ஆழத்துக்குக் குச்சியால் தளர்த்துங்கள். மொத்தத்தையும் உதிர்த்தால் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். முன்பு எந்த உயரத்தில் மண் இருந்ததோ அதே உயரம்தான்; தண்டு புதையக் கூடாது. அதன்பின் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாத நாளில் மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டிக்கடியில் தட்டு வேண்டாம். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். வரவேற்பறை அழகுக்கு இது ஏற்ற செடியல்ல.

கேள்வி: உருண்டையாக வர வேண்டும் என்று நன்றாக உள்ளே தள்ளி வெட்டினேன். அந்தப் பக்கம் தளிரே வரவில்லை.
- வாசகர், ஓசூர்

பதில்: இனி வராது. செம்பருத்தியை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும்; இலையில்லாத பழைய ஜூனிபர் கட்டையில் அநேகமாக மொட்டு இருப்பதில்லை. நீண்ட கிளையைப் பிடித்து, அதன் பச்சையான பக்கக்கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். மழை நாளில் வெட்டாதீர்கள், நுனிக்கருகல் பூஞ்சை பரவும். பலமாக வெட்டினால் சில ரகங்களில் செதில் இலைக்குப் பதில் முள் போன்ற இலைகள் வரும். அது நோயல்ல.

கேள்வி: நீல நிற ஜூனிபரில் இலை மங்கிச் சாம்பல் பூத்தது போல் இருக்கிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். கிளைகளுக்கிடையே மெல்லிய நூலாம்படையும் தெரியும். காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக, இலையின் அடிப்புறத்திலும் உட்கிளையிலும் படும்படி மூன்று நாளுக்கொருமுறை இரண்டு வாரம் பீய்ச்சுங்கள். தொடர்ந்து அடிப்பதற்குக் காரணம், முட்டைகள் தப்பிப் பொரிப்பதுதான். அப்போதும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூளை (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

எந்த எண்ணெயும் நீல ஜூனிபருக்கு ஆகாது. அந்த நீலம் இலை மேலிருக்கும் மெழுகுப் பூச்சு. எண்ணெய் பட்டால் அது கரைந்து செடி பச்சையாகிவிடும். புது இலை வந்தால்தான் நீலம் திரும்பும். ஏற்கெனவே எண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும்.

கேள்வி: நுனியெல்லாம் பசுமை, உள்ளே மட்டும் இலை பழுத்து உதிர்கிறது. உரம் போதவில்லையா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: பழைய இலை உதிர்கிறது, அவ்வளவுதான். கையால் உருவி எடுத்துவிடுங்கள். உரம் வேண்டாம்.