கேள்வி பதில்: உலோகம் கலந்த மண்ணும் அதில் வாழும் உயிர்களும்

கேள்வி: ஒரே மண்ணை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். காட்மியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்கிறது ஒன்று, 0.2 என்கிறது மற்றொன்று. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முறையின் பெயரை முதலில் படியுங்கள். 3 என்றவர்கள் மண்ணை இராஜ திராவகத்தில் கரைத்திருப்பார்கள்: மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். 0.2 என்றவர்கள், உலோகத்தைப் பிடித்துக் கரைசலுக்கு இழுக்கும் டி.டி.பி.ஏ. என்ற சேர்மத்தின் கரைசலைப் பயன்படுத்தியிருப்பார்கள்: 10 கிராம் மண், 20 மில்லி கரைசல், இரண்டு மணி நேரக் குலுக்கல். முதல் எண் மண்ணின் மொத்த இருப்பை ஏறக்குறைய காட்டும். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், சிலிக்கேட் படிகங்களுக்குள் சிக்கிய உலோகம் அந்த அமிலத்திலும் முழுதாகக் கரையாது. இரண்டாவது எண் வேருக்கு எட்டக்கூடிய பங்கின் மதிப்பீடு.

சட்ட வரம்புகள் பெரும்பாலும் மொத்த அளவுக்கு வகுத்தவை. 0.2ஐ அந்த வரம்போடு ஒப்பிட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இன்னொன்று: டி.டி.பி.ஏ. முறை, நடுநிலை மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, செம்புப் பற்றாக்குறையைக் கண்டறிய உருவானது. கரைசலின் பி.எச். 7.3. உங்கள் மண்ணின் பி.எச். 5 என்றால், அந்தக் கரைசல் மண்ணின் அமிலத்தன்மையையே மறைத்துவிடும். அப்படிப்பட்ட மண்ணுக்கு 0.01 மோலார் கால்சியம் குளோரைடு பொருத்தமானது.

கூடவே பி.எச்., கரிமக் கார்பன், களிமண் விகிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுக்கணக்கில் இட்டு மண் புளித்துப்போனால், வெளியிலிருந்து ஒரு துளி காட்மியம் வராமலேயே பயிருக்குள் ஏறும் காட்மியம் கூடும். மொத்த அளவை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

கேள்வி: மாதிரி எடுக்கும்போதே மண் மாசுபடுமா?

படும், அதுவும் எளிதாக. துத்தநாகம் பூசிய இரும்பு வாளி துத்தநாகத்தையும், பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும், பெயின்ட் அடித்த மண்வெட்டி ஈயத்தையும் சேர்க்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய், பிளாஸ்டிக் வாளி, 2 மில்லிமீட்டர் நைலான் சல்லடை போதும். ஒரு கலப்பு மாதிரிக்கு 15 முதல் 20 இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர் இரு பங்குகளை ஒதுக்கி, அரை கிலோ வரும்வரை குறையுங்கள். புகை, தூசி வழியாக வந்த மாசு என்று சந்தேகமிருந்தால் மேல் 5 சென்டிமீட்டரைத் தனியாக எடுங்கள். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒன்றாகக் கலந்தால் மேலே படிந்தது நீர்த்துப்போகும். பாதரசம் பார்க்க வேண்டிய மண்ணைச் சூட்டடுப்பில் உலர்த்தாதீர்கள், ஆவியாகிப் போய்விடும்.

எக்ஸ் கதிரை வீசி, தனிமங்கள் திருப்பி உமிழும் கதிரை வைத்து அளவிடும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஈரமண்ணில் அளவு குறைவாகக் காட்டும். ஈயம் நிறைய இருக்கும் இடத்தில் அது சொல்லும் ஆர்சனிக் அளவை நம்பாதீர்கள். இரண்டும் உமிழும் எக்ஸ் கதிரின் முக்கியக் கோடுகளும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒன்றின்மேல் ஒன்று விழும். அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற ஆய்வகக் கருவியிலும் ஆர்சனிக்குக்கு வேறொரு வம்பு உண்டு: இராஜ திராவகத்தின் குளோரின், கருவியின் ஆர்கானோடு சேர்ந்து ஆர்சனிக்கின் நிறையான 75இலேயே வந்து நிற்கும். இந்தக் குறுக்கீட்டை நீக்கும் மோதல் அறை வசதியோடு அளந்தார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய பழத்தோட்ட மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் உள்ளன. சுண்ணாம்பும் ராக் பாஸ்பேட்டும் (பாஸ்பேட் பாறைத்தூள்) போட்டால் அடங்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பொறுங்கள். இரண்டும் சேர்ந்து இருப்பதே ஒரு தடயம். 1892இல் அமெரிக்காவில் ஜிப்ஸி அந்துப்பூச்சிக்கு எதிராகத் தொடங்கி, பல நாடுகளின் பழத்தோட்டங்களில் பல பத்தாண்டுகள் தெளிக்கப்பட்டது ஈய ஆர்சனேட். மண்ணில் இறங்கியதும் இந்த இரு உலோகங்களும் எதிரெதிர்க் குணம் காட்டும். (ஆர்சனிக் கறாராக உலோகமில்லை, மாசுப் பட்டியலில் எப்போதும் கூடவே வரும்.)

பாஸ்பேட் சேர்ந்தால் ஈயம் பைரோமார்ஃபைட் என்ற கரையாக் கனிமமாக மாறும். நல்லதுதான். ஆனால் ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள். இரும்பு ஆக்சைடின்மேல் ஒட்டியிருக்கும் ஆர்சனேட்டைத் தள்ளிவிட்டு பாஸ்பேட் அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஈயத்தைக் கட்டிப்போட்ட அதே கை ஆர்சனிக்கை அவிழ்த்துவிடுகிறது. சுண்ணாம்பும் அப்படியே: பி.எச். உயர ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் அடங்கும். ஆர்சனேட், மாலிப்டினம், செலினியம், ஆறிணைதிறன் குரோமியம் இளகும்.

இங்கே உதவக்கூடியது இரும்பு. ஃபெரஸ் சல்பேட் ஆக்சிஜனேறி இரும்பு ஹைட்ராக்சைடாகும்போது ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். அதே வேளையில் அமிலத்தையும் விடும். சும்மா விட்டால் ஈயம் இளகும். ஒரு கிலோ ஏழுநீர் ஃபெரஸ் சல்பேட் விடும் அமிலத்தை ஈடுகட்ட, கணக்குப்படி சுமார் 360 கிராம் தூய கால்சியம் கார்பனேட் வேண்டும். அதற்கு மேல் போட வேண்டாம்.

நிலத்தில் கொட்டுமுன் தொட்டியில் பாருங்கள். ஒரு கிலோ மண் வீதம் தொட்டிகள். இடுபொருள் 0, 2, 5, 10 கிராம். ஒவ்வொன்றும் மூன்று தொட்டி. வயல் ஈரத்தில் 30 நாள் வைத்து, மண்ணிலிருந்து எடுத்த கரைசலில் ஈயம், ஆர்சனிக் இரண்டையும் அளக்கவும். ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 2,000 டன். ஆகவே தொட்டியில் கிலோவுக்கு ஒரு கிராம் என்பது நிலத்தில் ஹெக்டேருக்கு 2 டன்.

நீர் கட்டும் நிலமானால் கணக்கே வேறு. காற்றில்லாத சேற்றில் இரும்பு ஆக்சைடு கரையும், அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் வெளியே வரும். காட்மியமோ சல்பைடாகி அடங்கும். நீரை வடித்தால் இது அப்படியே தலைகீழ். நெல் வயலில் இரண்டும் சேர்ந்து இருந்தால், எதை அதிகம் அஞ்ச வேண்டும் என்று அளந்து பார்த்த பிறகே நீர் மேலாண்மையை முடிவு செய்ய முடியும்.

கேள்வி: உலோகத்தை உறிஞ்சும் செடிகளை நட்டு மண்ணைச் சுத்தம் செய்துவிட முடியாதா?

கணக்குப் போடுவோம். காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம் இருந்தால், ஹெக்டேரின் மேல்மண்ணில் 10 கிலோ. அதை 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவர 6 கிலோவை வெளியேற்ற வேண்டும். ஒரு செடி ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 5 டன் உலர்எடை தந்து, அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் காட்மியம் சேர்த்தால், ஆண்டுக்கு 250 கிராம் போகும். 24 ஆண்டுகள்! மண்ணில் குறையக் குறையச் செடி எடுப்பதும் குறையும் என்பதை இதில் சேர்க்கவில்லை. அறுத்த செடியை எங்கே போடுவது என்ற கேள்வியும் நிற்கிறது. உரமாக்கினால் சுற்றிச் சுற்றி அதே நிலம்தான். கடுகுச் செடியில் ஈயத்தை ஏற்ற, உலோகத்தைக் கரைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தை ஊற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். செடி எடுத்தது போக மீதி நிலத்தடி நீருக்குப் போகும்.

டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்சனிக்கை வியக்கத்தக்க அளவில் சேர்க்கும் என்று 2001இல் தெரியவந்தது. சிறிய இடம், மிதமான மாசு, காத்திருக்கும் பொறுமை மூன்றும் இருந்தால் பார்க்கலாம்.

கேள்வி: தழை, மணி, சாம்பல் சத்து எல்லாம் நன்றாக இருந்தும் பயறு வகைகள் வெளிறிப் போகின்றன. முன்பு கழிவுநீர்ச் சேறு போட்ட நிலம்.

செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுத்து, வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் தழைச்சத்து நிலைநிறுத்தல் நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலையில்லை. இங்கிலாந்தின் வோபர்ன் சோதனை வயலில் 1942 முதல் 1961 வரை கழிவுநீர்ச் சேறு இடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே தீவனப்பயிரான குளோவரின் முடிச்சுகள் பலன் தரவில்லை. உலோகத்தில் தப்பிப் பிழைத்த ரைசோபியம் (வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா), தழைச்சத்து சேர்க்கத் தெரியாத வகை. புதிதாக நுண்ணுயிர் உரம் இட்டாலும் காட்மியமும் துத்தநாகமும் அப்படியே இருக்கும் மண்ணில் அது நிலைப்பது கடினம். மண்சத்துச் சோதனை இதை ஒருபோதும் காட்டாது.

கேள்வி: பறவைகளில் ஈயமும் பாதரசமும் பார்க்க விரும்பும் ஆய்வு மாணவி நான். இறகு எடுத்தால் போதுமா?

பாதரசத்துக்கு இறகு அருமையான சான்று. உயிர்களின் உடலில் சேரும் வடிவமான மீத்தைல் பாதரசம், இறகின் புரதமான கெரட்டினின் கந்தகத்தோடு இறுகக் கட்டிக்கொள்ளும். இறகு வளர்ந்த காலத்தில் இரத்தத்தில் இருந்த அளவு அதில் பதிவாகிவிடும். அருங்காட்சியகப் பறவைகளின் இறகுகளை வைத்துத்தான், விதைநேர்த்தியில் சேர்த்த பாதரசம் பறவைகளில் ஏறியதை ஸ்வீடனில் காட்டினார்கள். அந்த மருந்து 1966இல் அங்கே தடையானது. எல்லாப் பறவைகளிலும் ஒரே இடத்து இறகை எடுங்கள். மார்பு இறகு வசதி. இறகு உதிர்த்து முளைக்கும் வரிசையில் அளவு மாறும்.

ஈயத்துக்கு இறகை நம்ப வேண்டாம். வெளியே படிந்த தூசியை எவ்வளவு கழுவினாலும் முழுதாக நீக்க முடியாது. இரத்தம் கடந்த சில வாரங்களைச் சொல்லும், எலும்பு வாழ்நாள் முழுவதையும் சொல்லும். பிணந்தின்னிப் பறவை இறந்து கிடைத்தால், அறுக்குமுன் எக்ஸ்ரே எடுங்கள்: தோட்டாச் சிதறல் குடலில் தெரியும். 1982இல் 22 மட்டுமே எஞ்சிய கலிபோர்னியா காண்டார் என்ற பிணந்தின்னிப் பறவைகளை இன்றும் துரத்துவது அதே சிதறல்தான். அம்மாநிலம் வேட்டையில் ஈயத் தோட்டாவை 2019 ஜூலையில் முழுதாகத் தடை செய்தது.

ஈரல் அளவை எழுதும்போது ஈர எடையா, உலர் எடையா என்று கட்டாயம் குறியுங்கள். ஈரலில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். கலந்துவிட்டால் மூன்று மடங்குக்கு மேல் பிழை.

கேள்வி: உருக்காலைக்கு அருகே ஒரு காட்டில் 40 எலி, தொலைவில் ஒரு காட்டில் 40 எலி. ஆய்வுக்குப் போதுமா?

எலிகள் 80, காடுகள் இரண்டு. இரண்டு காடுகளுக்கு இடையே காணும் வித்தியாசத்துக்கு ஆலைதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மண் வகை, மரங்கள், பூச்சிகள் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆலையிலிருந்து காற்று வீசும் திசையில் தூரம் கூடக்கூட எட்டுப் பத்து இடங்களும், எதிர்த்திசையில் சிலவும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு எலி பிடித்தால் அதே உழைப்பில் பல மடங்கு பயன்.

இரை வழியையும் பாருங்கள். மண்புழு காட்மியத்தைத் தன் உடலில் மண்ணைவிட அதிகமாகச் சேர்ப்பது வழக்கம். ஆகவே அதைத் தின்னும் மூஞ்சூறின் சிறுநீரகத்தில், விதை தின்னும் எலியைவிட மிகுதியாக இருக்கும். புழுவை அளக்குமுன் ஈரத்தாளில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துக் குடலைக் காலியாக்குங்கள். ஆனால் மூஞ்சூறு குடலோடுதான் தின்கிறது என்பதால், அதன் உணவைக் கணக்கிடும்போது குடல்மண்ணைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கருவி கண்டறியும் வரம்புக்குக் கீழே வந்த அளவுகளைப் பூஜ்யம் என்று போடாதீர்கள். சராசரி பொய்யாகக் குறையும். வரம்பையும், அதற்குக் கீழே எத்தனை மாதிரி வந்தது என்பதையும் அட்டவணையில் தனியே காட்டுங்கள்.