வெளிநாடு போனால் நாட்டுப்பற்று கூடுமா?

கூடும்தான். ஆனால் அன்றாடக் கஷ்டத்தை அது தீர்க்காது. கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் பக்கமிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று கொடியைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும். மற்ற நாளெல்லாம் சம்பளம், விசா, வீட்டுக்கு அனுப்பும் பணம் என்று அதே கவலைதான். எத்தனை வருடம் உழைத்தாலும் அங்கே குடியுரிமை கிடைப்பது மிக அரிது, அதனால் மனசு ஊரையே சுற்றும். கூடத் தங்கியிருக்கும் மலையாளி சீக்கிரம் சொந்தமாகிவிடுவார். 1956 வரை நம் மாவட்டமே, கேரளத்துக்கு முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தது! எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2011 முதல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் வாக்காளராகப் பதியலாம், ஆனால் வாக்களிக்க ஊருக்கு நேரில் வரவேண்டும். விமான டிக்கெட்டுக்குப் பணம் போட்டு எந்த மீனவர் வருவார்? அவர்களுக்குத் தபால் வாக்கு கொடுத்தே ஆகவேண்டும்.